25 யார் அமெரிக்கா

வா தம்பி, வா. செருப்போடையே திண்ணையிலை ஏறு, பரவாயில்லை. அமெரிக்காவிலை அப்பிடித்தானாம், இப்பவே பழகு. கொஞ்ச நாளா என்ரை படலையை நீதான் கூடத் திறக்கிறாய். முந்திக் கோயில் வீதியிலை கண்டாலும் ஃபோனைப் பாத்துக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பிற பிள்ளை, இப்ப "பெரியப்பு, கால் உளைவு எப்பிடி?" எண்டு கேக்குது. பொடியனுக்குப் பொறுப்பு வந்திட்டுதெண்டு பெரியாச்சிக்கும் சொன்னனான். கையிலை என்ன, தோடம்பழமோ? அதிலை வை.

போ ராசா, தாராளமாப் போ. இறுப்பிட்டியிலை பிறந்தவனை இருக்கச் சொல்ல நான் ஆர்? இந்தப் புங்குடுதீவிலை இருந்து வெளிக்கிடாதது பனை ஒண்டுதான், அதுக்குக் கால் இல்லை. என்ரை அப்பு காலத்திலை எல்லாரும் கொழும்புக்குப் போனவை. கொழும்பிலையும் அங்காலை சிங்கள ஊருகளிலையும் சுருட்டுக்கடை, சாப்பாட்டுக்கடை எண்டு எங்கட ஆக்கள்தான். 83 கலவரத்திலை அதுகள் எரிய, சுவிசும் பிரான்சும் கனடாவும். 91 இடப்பெயர்வோடை மிச்சமும் காலி. தீவுக்கு வாணர் பாலத்தைக் கட்டினதே போறதுக்கெண்டுதானோ எண்டு எனக்கு இடைக்கிடை யோசினை வாறது.

ஆனால் நீ ஏதோ புதிசாக் கண்டுபிடிச்ச மாதிரி அமெரிக்கா, அமெரிக்கா எண்டு நிக்கிறாய். முதலிலை தேடி வந்தவன் அவன். 1816 இலை அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணம் வந்தவை. 1823 இலை வட்டுக்கோட்டையிலை செமினறி துவங்கினவை. பிறகு மானிப்பாயிலை கிறீன் டொக்டர், எங்கட ஆக்களுக்குத் தமிழிலையே இங்கிலிஸ் வைத்தியம் படிப்பிச்சவர். நாங்கள் ஒருத்தரிட்டையும் விசா கேக்கேல்லை. கேட்டவன் எங்களை ஆண்ட வெள்ளைக்காரன்தான். 1820 இலை மிஷனுக்கு அச்சடிக்கவெண்டு ஒருத்தர், கரெற் எண்டு பேர், கடல் கடந்து வர, தேசாதிபதி பாண்ஸ் "அமெரிக்கர் இனி வேண்டாம், திரும்பிப் போ" எண்டு கலைச்சுவிட்டவர். பாத்தியே, அமெரிக்காக்காரனையே டிப்போர்ட் பண்ணின தேசம் இது. எம்பஸியிலை கேள்வி கேக்கேக்கை இதையும் ஒருக்கா எடுத்துவிடு. நல்ல மரியாதை கிடைக்கும்.

வல்வெட்டித்துறையாரைக் கேள்விப்பட்டிருப்பாய். அங்கை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலை றொபின்சன் எண்ட அமெரிக்கன் வாங்கினவன். தன்ரை பெண்சாதியின்ரை பேரை அதுக்கு வைச்சவன். அன்னபூரணியம்மாள் புளோரன்ஸ் ஆகிப்போனா. பேர் மாத்திறது அப்பவே துவங்கியிட்டுது, உன்னையும் அங்கை என்னெண்டு கூப்பிடுவாங்களோ. வல்வெட்டித்துறை மாலுமியள் அதைப் பாய் விரிச்சே கொண்டுபோய், 1938 ஆவணியிலை மசச்சூசெற்ஸிலை குளொஸ்ரர் துறைமுகத்திலை கட்டினவை. கட்டிப்போட்டு என்ன செய்தவை? ஊருக்கு வந்திட்டினம். அகதிக் கேஸ் எழுதத் தெரியாத சனம், பாவங்கள்.

உன்ரை ஏஜென்சிக்காரன் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. துபாய், பிரேசில், பிறகு கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலை "கொஞ்ச நடை" எண்டு சொன்னவனாம். அந்தக் கொஞ்ச நடைக்கு டேரியன் எண்டு பேர். கிட்டத்தட்ட 100 கிலோமீற்றருக்கு றோட்டே போடேலாத காடு. நீ சங்கக்கடைக்குப் போறதுக்கும் மோட்டச்சைக்கிள் எடுக்கிறனி. சரி, நடந்திட்டாய், மெக்சிக்கோவும் தாண்டியிட்டாய் எண்டு வைப்பம். 2017 இலை எங்கட இலங்கைத் தமிழன் ஒருத்தன் அப்பிடித் தாண்டினவன். எல்லைக்கு அங்காலை 25 யார் போக முந்திப் பிடிச்சிட்டாங்கள். 25 யார் எண்டால் இந்தத் திண்ணையிலை இருந்து கிணத்தடி மட்டும், அவ்வளவுதான். வழக்கு ஏறி ஏறி அவங்கட உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2020 ஆனி மாதம் ஏழு நீதிபதியள் ஒரு பக்கம், ரண்டு பேர் மற்றப்பக்கம். தீர்ப்பிலை எழுதினதைச் சுருக்கினால், ஆள் வந்தது உண்மை, ஆனால் சட்டத்தின்ரை கணக்கிலை இன்னும் வந்து சேரேல்லை. வந்தும் வராத ஆள்! பெரியாச்சியும் என்னைப் பற்றி இப்பிடித்தான் சொல்லுறவ.

அதுக்காக வேலி போட்டு மறிக்கிறான் எண்டு அமெரிக்காக்காரனைத் திட்டாதை. எங்களுக்கு வேலி தெரியாதோ? இந்தப் புங்குடுதீவிலை நல்ல தண்ணி எங்கை கிடைக்கும் எண்டு உனக்குத் தெரியும். கண்ணகை அம்மன் கோயில் கிணத்திலை எல்லாச் சாதியும் அள்ளவேணும் எண்டு 1971 இலை மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் இருந்து, பொலிசிட்டை அடி வாங்கினவர். 1973 இலை ஆள் போய்ச்சேந்திட்டார். எழுத்தாளன், வாத்தியார், எங்கட தீவான். அண்டைக்கு வாளியைப் பறிச்ச சனமும் இப்ப சூரிச்சிலையும் ரொறன்ரோவிலையும் சமத்துவம் கேட்டுக் கையெழுத்து வேட்டை நடத்துது. அது வேறை கதை, விடு.

நீ புத்தகம் வாசியாய். நானும் வாசிக்கிற ஆளில்லை. மதகடியிலை எங்கட இளைப்பாறின இங்கிலிஸ் வாத்தியார் சொல்லக் கேட்டதுதான். கேற்ஸ்பி எண்டு ஒருத்தனாம், ஃபிற்ஸ்ஜெரால்ட் எண்ட அமெரிக்கன் 1925 இலை எழுதின கதை. கள்ளச் சாராயக் காசிலை மாளிகை, கிழமைக்குக் கிழமை வளவு நிறையச் சனம், பாட்டு, குடி. ஆள் செத்தாப்போலை சுடலைக்கு ஆக்களில்லை. தேப்பனும் அயல்வீட்டுக்காரனும் இன்னும் ஒரு சிலரும்தான் நிண்டவையாம். எங்கட ஊரிலை எதிரியெண்டாலும் செத்தவீட்டுக்கு வருவான், பந்தல் எவ்வளவெண்டு பாக்கவெண்டாலும்.

மற்றது ஆதர் மில்லரின்ரை நாடகம், 1949. வில்லி லோமன் எண்ட வியாபாரி. காலம் முழுக்கச் சாமான் வித்து, வீட்டுக்கடன் கட்டினவன். கடைசித் தவணை கட்டுப்பட்டது எப்ப தெரியுமே? அவனைப் புதைச்ச அண்டைக்கு. வாத்தியார் இதைச் சொல்லேக்கை நான் சிரிச்சனான், அவர் சிரிக்கேல்லை. அவற்றை மோன் ஸ்காபரோவிலை மோட்கேஜ் கட்டுறான்.

இதிலை பகிடி என்னவெண்டால், இதுகளை அமெரிக்காவின்ரை எதிரி எழுதேல்லை. அவனே எழுதி, அவனே தன்ரை பள்ளிக்கூடங்களிலை படிப்பிக்கிறான். தன்ரை பிள்ளையளுக்கு உள்ளதைச் சொல்லிக்குடுத்திட்டு, கனவை மட்டும் ஏற்றுமதி செய்யிறான். இறக்குமதிக்கு இஞ்சை நாங்கள் கடை திறந்து வைச்சிருக்கிறம்.

ஓம், நாங்கள்தான். போன திருவிழாவுக்கு உன்ரை சித்தப்பன் வந்து நிண்டவனெல்லோ, கழுத்திலை சங்கிலி, ஐயருக்குத் தாராளம். முதல் நாள் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, இருட்டுக்கை எதையோ தடவினான். "என்னடா?" எண்டால், "சப்பாத்து, பெரியப்பு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" எண்டான். முழிப்பு வரவே ரண்டு நிமிசம் எடுத்தது அவனுக்கு. கையைப் பாத்தனான், கோப்பை கழுவின மருந்திலை விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அவன் உங்களுக்கு அனுப்பினது காருக்குப் பக்கத்திலை நிக்கிற படம். கார் ஆற்றையெண்டு நீயும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. கேட்டால் கோபுரத்துக்குக் காசு வராது. அவன் இஞ்சை கட்டின மாடிவீட்டுக்குப் பளிங்குத் தரை. திறப்பு என்னட்டைத்தான். அங்கை அவன் பேஸ்மென்றிலை குடியிருந்து மேல்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறான், இஞ்சை பளிங்கு முழுக்க ஆட்டுப் புழுக்கை.

நான் உன்னை மறிக்கேல்லை மோனை. கொம்மாதான் முந்தநாள் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிண்டவ, வடலிக் காணியை ஈடு வைச்சு ஏஜென்சிக்குக் காசு கட்டப்போறியாம் எண்டு. பொதுக்காணி, உன்ரை அப்புவும் நானும் சேந்து எழுதின உறுதி, என்ரை கையெழுத்தும் வேணும். போட்டாப் போச்சு, என்ன கஸ்ரம்? கண்ணாடிதான் காணேல்லை. நேற்றுப் பேப்பர் வாசிச்சது பெரியாச்சியின்ரை கண்ணாடியிலை. அவ அதைப் போட்டுக்கொண்டு நேர்த்திக்கெண்டு நயினாதீவுக்கு வள்ளம் ஏறியிட்டா, எப்ப வருவாவோ. கண்ணாடி வந்தாலும் நொத்தாரிசு சும்மா எழுதார். வடக்குப்பக்க வேலி ரண்டு முழம் உள்ளுக்கு வந்திட்டுதெண்டு உன்ரை அப்பு போட்ட வழக்கொண்டு முடியாமல் கிடக்கு. நீ முதலிலை கோட்டுக்குப் போய் அந்தக் கட்டைத் தேடி எடுப்பிச்சுக்கொண்டு வா. வழக்கிலக்கம் எனக்கு ஞாபகமில்லை.