பித்தளைப் பித்தர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைப் பித்தரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் பாத்திரத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் எடுத்தவுடன் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். பிறகு விரலை மடக்கி ஒரு தட்டு. ‘ணங்’ என்று நீண்டு ஒலித்தால் வெண்கலம். பித்தர் முகத்தில் முறுவல்.

விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு எழுத்து கண்ணில் பட்டதா, தீர்ந்தது.

“இது விலாசம்! செட்டியார் வீட்டுச் சீர்ச் சாமான். ரங்கூன்ல லேவாதேவி பண்ணின குடும்பமா இருக்கணும். 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சான், தொழில் படுத்துச்சு, பாத்திரம் தெருவுக்கு வந்துருச்சு.”

இரண்டு எழுத்துக்கு இத்தனை வம்சாவளி. அடுத்து எனாமல் அடுக்கு. அடியில் ஸ்வீடன் நாட்டு காக்கம்ஸ் முத்திரை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு, சில்லு பெயர்ந்தால் துருப்பிடிக்கும் என்று கடைக்காரருக்கே பாடம் நடத்துவார்.

“அப்படியாண்ணே!” என்று கடைக்காரர் கைகட்டிக் கேட்பார். சரக்கின் பெருமையை வாங்குகிறவரே சொல்லிவிடுவதால், அவருக்கு விலையை ஏற்றுவது ஒன்றுதான் வேலை.

வீட்டில் இவை எல்லாம் கூடத்து அலமாரியில் கொலு இருக்கும். சமையல் நடப்பது எவர்சில்வரிலும் குக்கரிலும். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். ஈயம் பூச ஆள் தேடினால் அகப்படுவதில்லை. தேய்க்கும் நாளில் மட்டும் மனைவியின் குரல் கேட்கும்: “சரித்திரம் உங்களுக்கு, புளி எனக்கா?”

ஒருநாள் விருந்தாளிகளுக்கு ஈயச்சொம்பு ரசத்தின் மகிமையைக் காட்டத் தானே அடுக்களையில் இறங்கினார். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது பாட்டிமார் சட்டம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். இந்த டிகிரிக் கணக்கும் பித்தருக்குத் தெரியும். அதைத்தான் விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார், வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு. திரும்பிப் பார்த்தால் சொம்புக்கு அடி இல்லை. பர்னரைச் சுற்றி வெள்ளிக் குட்டை. அன்றைக்கு ரசம் குக்கர் பாத்திரத்தில் கொதித்தது. நன்றாகவே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எவர்சில்வர் மோகம் வந்த காலத்தில் அவர் அம்மா தவலை, அண்டா, வெண்கலப்பானை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு டம்ளர் செட் வாங்கினவர். ஊரார் பாத்திரத்துக்கு வம்சாவளி சொல்லும் பித்தருக்குத் தன் பாட்டியின் பாத்திரத்தில் என்ன எழுத்து வெட்டியிருந்தது என்று தெரியாது.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது மிச்சம் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை இறக்கி விளிம்பைப் பாருங்கள். எழுத்து தெரிந்தால், அது யார் பெயர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் இலவசமாகச் சொல்வார்கள். கடைத்தெருவில் அதற்குத் தனி விலை.