நூறு ஓம் மாமா

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த வீட்டில் என்ன ராகம் என்பதில் ரகசியம் கிடையாது. நூறு ஓம் மாமாவின் வீட்டிலிருந்து மட்டும் முழு ராகம் வந்ததாக வரலாறு இல்லை. முதல் இருபது விநாடி வரும். பிறகு ஊசியைத் தூக்கும் சத்தம், ஸ்க்ரூடிரைவர் தேடும் சத்தம், மறுபடி அதே இருபது விநாடி. மாமா என்பவர் ஓர் ஆள் அல்லர், ஒரு வகை. பென்ஷன் வரத் தொடங்கியதும் ரிகார்டு பிளேயர் வாங்கியவர். காதில் பாட்டு விழுவதற்குள் கை மல்டிமீட்டரைத் துழாவும். 1963-ல் வந்த எம்.எஸ்.ஸின் வேங்கடேச சுப்ரபாதம் இவர் வீட்டில் சாயங்காலமும் ஒலிக்கும். பெருமாள் எழுந்திருப்பதற்குள் நின்றுவிடும். தெரு இவரைக் கிறுக்கு என்கிறது. அது பாதிதான் நியாயம். இவர் கிறுக்காகத் தெரியும் இடங்களில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறார்; விஞ்ஞானியாகத் தெரியும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்.

சரியாக இருக்கும் இடங்களை முதலில் பார்ப்போம். ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜில் இரண்டு குலம் உண்டு. மூவிங் மேக்னட் சுமார் 5 மில்லிவோல்ட் தரும். மூவிங் காயில் குலத்தில் பல அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. 1960களில் ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக உருவான டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். இந்த மின்னழுத்தத்தைப் பெருக்கும் போனோ ஸ்டேஜின் கெயின் மேக்னட்டுக்குச் சுமார் 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு. காயிலுக்குச் சுமார் 60 டெசிபல், ஆயிரம் மடங்கு. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? காயிலை நூறு மடங்கில் மாட்டினால் கிடைப்பது 0.03 வோல்ட், வால்யூமைக் கடைசிவரை திருக வேண்டும், பாடகருக்கு முன்னால் இரைச்சல் ஆலாபனை செய்யும். மேக்னட்டை ஆயிரம் மடங்கில் மாட்டினால் சாதாரண இடத்திலேயே 5 வோல்ட். தனியாவர்த்தனம் வந்ததும் அது பல மடங்காகி, மிருதங்கத்தின் தோல் அல்ல, ஒலியே கிழியும். ஆகவே கெயினைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் மாமாவைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை. ஒயரை அரை மீட்டர் வெட்டிப் போடுகிறாரே, அதைப் பார்த்தும் சிரிக்க முடியாது. மூவிங் மேக்னட்டின் சுருளில் ஏறக்குறைய அரை ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். ஒயரும் போனோ ஸ்டேஜும் சேர்ந்து 200 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் தந்தால் ஒத்ததிர்வு 16,000 ஹெர்ட்ஸ் அருகே விழும். 400 ஆனால் 11,000-க்கு இறங்கிவிடும். பிடில் வில்லின் உரசல் அங்கே கூராகிக் காதைக் குத்தும். பிகோஃபாரட் கேட்டு ஒயர் வாங்குபவரைக் கடைக்காரர் முறைக்கலாம், பௌதிகம் முறைக்காது.

கோட்டை விடுவது மூவிங் காயிலின் லோடிங்கில், அதாவது போனோ ஸ்டேஜ் அதன் மேல் வைக்கும் மின்தடைச் சுமையில். போனோ ஸ்டேஜின் பின்னால் பொடிப்பொடியாக சுவிட்சுகள் வரிசை கட்டியிருக்கும்: 100 ஓம், 500 ஓம், 1,000 ஓம். மாமாவின் மிச்ச ஆயுள் இங்கேதான் கழிகிறது. நூறிலிருந்து ஆயிரத்துக்கு மாற்றி, "கேட்டேளா, திரை விலகிடுத்து! தம்புரா தனியா நிக்கறது!" என்பார். உள்ளிருந்து மாமி, "சத்தம்னா கூடியிருக்கு" என்பார். மாமியின் அளவீடுதான் துல்லியம். டிஎல்-103-இன் சொந்த மின்தடை 40 ஓம். நூறு ஓம் சுமையில் அதன் மின்னழுத்தத்தில் 71 சதவீதமே மேலே போகும். ஆயிரம் ஓமில் 96 சதவீதம். வித்தியாசம் சுமார் 2.6 டெசிபல். அவ்வளவு சத்தம் கூடினால் எந்தப் பாட்டும் தெளிவாகத்தான் தோன்றும். விலகியது திரையல்ல, ஏறியது வால்யூம். பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த பிறகும் பெண்ணையும் பிள்ளையையும் குடித்தனம் பண்ண விடாத ஜோசியரைப் போல, மாமா ஊசியையும் இசைத்தட்டையும் ஒரு பக்கம் முழுக்கச் சேர்ந்திருக்க விடுவதில்லை.

மாமா சும்மா இருப்பாரா? "காதுதானே ஓய் நீதிபதி? இது நவராத்திரி மண்டபக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது" என்பார். முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் முதல்வர்களாக இருந்த இசைக் கல்லூரி பக்கத்துத் தைக்காட்டிலேயே இருக்கும் ஊரில், காதைக் குறை சொல்ல யாருக்கும் தைரியம் வராது. ஆனால் அந்தக் காது சாவேரியையும் சுத்த சாவேரியையும் பிரிக்கப் பழகியது. இரண்டரை டெசிபல் ஏற்றத்தை ஏற்றம் என்று கண்டுபிடிக்க அல்ல. இரண்டு நிலையிலும் ஒலியளவைச் சமன்செய்து, சுவிட்சை மாமியின் கையில் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது: சுமை குறைந்தால், அதாவது ஓம் ஏறினால், காயில் கீச்சிடாதா? காயிலின் இண்டக்டன்ஸ் மிகச் சிறியது; அதன் ஒத்ததிர்வு காதுக்கு எட்டாத உயரத்தில் கிடக்கிறது. அதில் தடுமாறும் போனோ ஸ்டேஜ்கள் சில இருக்கலாம் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன அளவையோ கார்ட்ரிட்ஜ் மின்தடையின் பத்து மடங்கையோ வைத்தால் போதும். காந்தளூர்ச்சாலை என்று சொல்லப்படும் இதே வலியசாலையில் ராஜராஜன் என்னதான் செய்தான் என்ற வழக்கே இன்னும் தீராத இடத்தில் நூறா ஆயிரமா என்பதும் தீராதுதான். அதற்காகத் தட்டு காத்திருக்க வேண்டியதில்லை.

"அந்தக் காலத்துப் பெட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே" என்று தெரு கேட்கும். இல்லைதான். அவற்றில் பெரும்பாலும் இருந்த கிரிஸ்டல், செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் ஒரு வோல்ட்டில் பத்தில் சில பங்கு தந்ததால் போனோ ஸ்டேஜே தேவைப்படவில்லை. ஆனால் பல கிராம் அழுத்தத்தோடு ஊசி உழுததில் எத்தனையோ தட்டுகளின் பள்ளம் தேய்ந்தது. கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன அழுத்தத்துக்கு மேல் போகாமல் தராசு வைத்துப் பார்க்கும் மாமாவிடம் ஒரு தட்டு இருந்தால் அது பேரன் காலத்துக்கும் பாடும். அந்த அளவில் அவர் தெருவுக்குச் செய்வது உபகாரம்.

ஆகவே மாமாவுக்கு ஒரு விண்ணப்பம். கெயினை ஒருமுறை பாரும், மேக்னட்டானால் கெப்பாசிட்டன்ஸை ஒருமுறை பாரும், காயிலானால் சுமையை ஒருமுறை வையும். பிறகு அந்த சுவிட்சுகளின் மேல் டேப்பை ஒட்டிவிட்டு உட்காரும். கணக்குக்கு ஐந்து நிமிடம் போதும். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் வேண்டும்.