லோடைச் சொல்லுங்கள், வண்டியைச் சொல்கிறேன்

கேள்வி: டாடா ஏஸா, அசோக் லேலண்ட் தோஸ்த்தா? எதை வாங்குவது?
– காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஒரு நடைக்கு எத்தனை பெட்டி ஏற்றுவீர்கள்? 14 கிலோ தக்காளி, பெட்டியின் எடையும் சேர்ந்தால் 15 கிலோ. ஐம்பது பெட்டி ஏறினால் 750 கிலோ. குட்டியானை என்கிற டாடா ஏஸின் கணக்கு அநேகமாக அதோடு சரி. எண்பது பெட்டி என்றால் 1,200 கிலோ. அதற்கு ஒன்றேகால் டன் தாங்கும் தோஸ்த்தான் வேண்டும். ‘ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுச் சின்ன வண்டியிலேயே ஏற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பட்டை எடையைத் தாங்கலாம். பிரேக் அதே பழைய பிரேக்தான். ஓவர்லோடு பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம்.

கேள்வி: ‘இன்றைக்கே புக் செய்யாவிட்டால் இரண்டு மாதம் ஆகும்’ என்று ஷோரூமில் அவசரப்படுத்துகிறார்களே?
– தண்ணீர் கேன் விநியோகம், திருப்பூர்

பதில்: இரண்டு மாதம் காத்திருந்தால் போவது இரண்டு மாத வாடகை. பொருந்தாத வண்டியை எடுத்தால் தவணை முடியும்வரை அழ வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 5 லட்சம் அடக்க விலை உள்ள வண்டியில் 50,000 ரூபாய் மிச்சம் என்றால் கூட்டம் வரத்தான் செய்யும். அந்த மிச்சத்தை ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, வேண்டாத ஆக்சஸரீஸ் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் அரசு விதிக்கும் கட்டணம் அல்ல. இன்சூரன்ஸும் அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பக்கத்து ஊர் டீலர் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். முன்பணம் கட்டும்போது மாடல், ஆன்ரோடு விலை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘ஸ்டாக் ரெடி’ என்று உடனே வண்டியைக் காட்டினால், விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும், பாருங்கள். போன வருஷத்து வண்டி என்றால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ‘வட்டி வெறும் 8 சதவீதம்’ என்கிறார் ஃபைனான்ஸ்காரர். நம்பலாமா?
– ஹார்டுவேர் கடை, கரூர்

பதில்: ‘ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 5 லட்சத்துக்கு ஃப்ளாட் 8 சதவீதம், நான்கு வருஷம் என்றால் வட்டி மட்டும் 1,60,000. மாதத் தவணை 13,750. பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 5 லட்சத்துக்கே வட்டி ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது 14 சதவீதத்துக்கு மேல்! வங்கியில் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், சொந்தச் சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியும். உங்கள் ஆடிட்டரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

கேள்வி: சிஎன்ஜி வண்டி லாபமா?
– கேரட் விவசாயி, கொடைக்கானல்

பதில்: சமவெளியில் லாபம். உங்களுக்கு வேண்டாம். சிஎன்ஜியில் இழுவை குறையும். சிலிண்டர் எடை லோடையும் தின்றுவிடும். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோலுக்கு 740 கிலோ, சிஎன்ஜிக்கு 625 கிலோதான். மலையேற்றத்துக்கு டீசல் வாங்குங்கள்.

கேள்வி: கார் லைசென்ஸ் போதுமா? பெர்மிட் வேண்டுமா?
– பர்னிச்சர் கடை, மதுரை

பதில்: லைசென்ஸ் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. வண்டியும் லோடும் சேர்ந்து 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட்டும் தேவையில்லை. எஃப்சியும் இன்சூரன்ஸும் எப்போதும் வேண்டும்.

கேள்வி: டெஸ்ட் டிரைவ் நன்றாக இருந்தது. புக் செய்துவிடலாமா?
– வாடகை வண்டி ஓட்டுநர், தேனி

பதில்: காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அதே மாடலை இரண்டு வருஷமாக லோடு ஏற்றி ஓட்டுகிற ஒருவரைச் சந்தையில் பிடியுங்கள். உண்மையான மைலேஜ் எவ்வளவு, கிளட்ச் எப்போது மாற்றினார், சர்வீஸுக்கு விட்டால் எத்தனை நாளில் வண்டி கைக்கு வருகிறது என்று கேளுங்கள். அவர் சொன்ன பிறகு புக் செய்யுங்கள்.