கார்த்திகை யோக்கியர்

ஐப்பசி கடைசி வாரத்தில் இவரை வீட்டில் தேடினால் கிடைக்கமாட்டார். தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம், மிலிட்டரிக்காரப் பங்காளி கொடுத்துவிட்டுப் போன ரம், துபாய் மச்சானின் பாட்டிலில் அடியில் கிடக்கும் ஒரு கட்டிங் என்று எல்லாவற்றையும் முடித்துவைக்கிற பொறுப்பில் இருப்பார். “ஒண்ணாந்தேதி மாலை போடுறேன் மாப்ள. இதெல்லாம் வீட்ல இருந்தா தீட்டு” என்பார். கீழே கொட்டினாலும் தீட்டு கழியும். ஆனால் கொட்டுவது பாவம் என்பது அவர் கட்சி. பாவத்துக்கும் தீட்டுக்கும் நடுவில் அகப்பட்ட மனிதர் வேறென்ன செய்வார்?

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் குருசாமி கையால் துளசி மாலை விழும். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால். முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரைப் பிடித்துக்கொண்டு “ஒரே ஒரு குவார்ட்டர் குடுத்துட்டு மூடுப்பா” என்று கெஞ்சிய அதே தொண்டை, காலை ஆறு மணிக்குக் கணீரென்று சரணம் சொல்லும். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் அவருக்குச் சாமி. பஸ் கண்டக்டர் சாமி, ஹெல்மெட் போடாததற்கு மறித்த போலீஸ்காரர் சாமி. கொடுத்த கைமாற்றைத் திருப்பிக் கேட்டு வருகிறவரும் சாமிதான்: “தை பொறக்கட்டும் சாமி, பாத்துக்கலாம்.”

மூன்றாம் நாள் முதல் மதுவிலக்குப் பிரசாரம் ஆரம்பம். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கும். எதிர் டீக்கடை பெஞ்சில் பதினொன்றே முக்காலுக்கே இவர் வந்து உட்கார்ந்துவிடுவார். வேறு எங்கும் டீ கிடைக்காது போல. “பாருங்க சாமி, இன்னும் மணி அடிக்கல, அதுக்குள்ள இத்தனை பேர்! இந்த நாடு எப்படி உருப்படும்?” என்று டீ ஆற்றுகிறவரிடம் ஆற்றாமையைக் கொட்டுவார். வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஐப்பசி வரை அவரோடு ஒரே பிளாஸ்டிக் மேஜையில் மிக்சர் தின்றவர்கள். ஒருவர் சட்டைக் காலரைத் தூக்கி முகத்தை மறைப்பார். விவரமானவர் ஒருவர் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, “சாமி சரணம்” என்று கும்பிட்டுவிட்டு வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்வார்.

பிரசாரத்தில் எம்.என். நம்பியார் பெயர் கட்டாயம் வரும். நம்பியார் எத்தனையோ வருடம் பெரிய பெரிய கூட்டத்தைச் சபரிமலைக்கு அழைத்துப்போன குருசாமி. குடியில்லை, புகையில்லை, கறியில்லை. “சினிமாவுல வில்லன், நெஜத்துல தங்கம் சாமி!” என்று நம்மவர் நெகிழ்வார். நம்பியார் தங்கமாக இருந்தது பன்னிரண்டு மாதமும் என்ற தகவலை மட்டும் அவர் அழுத்திச் சொல்வதில்லை.

வீட்டில் நடப்பது இன்னும் அழகு. மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமி கோபப்படக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, கெட்ட வார்த்தை கூடவே கூடாது. இந்த மூன்று விதிகளின் அருமையை அந்த அம்மாள் நன்றாக அறிந்தவர். ஆனி ஆடியில் சொன்னால் தட்டு பறக்கக்கூடிய செய்திகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்து கார்த்திகையில்தான் வெளியே எடுப்பார். “சாமி, சீட்டுக்காரி ஓடிப்போயிட்டா.” “சாமி, என் தம்பிக்கு அம்பதாயிரம் குடுத்திருந்தேன்ல, இப்ப இல்லையாம்.” “சாமி, பெரியவன் ரெண்டு பேப்பர் அரியர்.” நம்மவர் முகம் சிவக்கும், மீசை துடிக்கும், கை தானாகச் சட்டைப்பையைத் தேடும். சட்டையே இல்லை. “சாமியே சரணம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போய்ப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். அந்த மாதத்தில் அவர் காலையும் மாலையும் குளிப்பது விரதத்துக்காக. மத்தியானமும் குளித்தால் மச்சினன் கடன் என்று அறிக.

இனி மண்டலக் கணக்கு. தமிழ்நாட்டு வழக்கில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். சபரிமலையில் கார்த்திகை முதல் தேதி தொடங்கி 41-ஆம் நாள் மண்டல பூஜை. வேறு எந்த விஷயத்திலும் கேரளாவுக்கு விட்டுக்கொடுக்காத நம்மவர், முல்லைப் பெரியாறு என்றால் மேஜையைத் தட்டுகிறவர், இந்த ஒன்றில் மட்டும் மலையாளக் கணக்குதான் சரி என்பார். காரணம் ஆன்மிகம் அல்ல. மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில் முடிந்துவிடுகிறது. மலையிறங்கி, குற்றாலத்தில் குளித்து, சிப்ஸ் வாங்கி, ஊர் வந்து மாலையைக் கழற்றினால் டிசம்பர் 31-க்கு இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கும். மனைவியோ மகரஜோதிக் கட்சி. ஜோதி தரிசனம் ஜனவரி 14. கார்த்திகை ஒன்றில் போட்ட மாலை ஏறக்குறைய 60 நாள் கழுத்தில் இருக்கும். ஆங்கிலப் புத்தாண்டு கறுப்பு வேட்டிக்குள்ளேயே கடந்து போய்விடும். “ஜோதி பாக்காம வர்றதெல்லாம் ஒரு மலையா சாமி?” என்று அவர் குருசாமி காதில் விழும்படி கேட்பார். குருசாமிக்கு வேனில் ஆள் குறைகிறது. தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனை கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள் உண்மையிலேயே தொடுவதில்லை. ஒரு சொட்டு கிடையாது. வருடம் முழுக்க ஒரு செவ்வாய்க்கிழமையைக் கூடச் சும்மா விட முடியாதவருக்கு இது எப்படிச் சாத்தியமாகிறது? எல்லோரும் ஐயப்பன் மகிமை என்பார்கள், இருக்கலாம். எனக்கு என்னவோ அதில் பாதி மகிமை ஊர்க்காரர்களுடையது என்று தோன்றுகிறது. மாலை இல்லாத ஒரு மாதத்தில், கல்யாண மண்டபத்துப் பின்பக்கம், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேரிடம் போய் “எனக்கு வேண்டாம்ப்பா” என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். விசாரணைக் கமிஷன் வைத்துவிடுவார்கள். என்ன, உடம்புக்கு முடியலையா? மாத்திரை சாப்பிடுறியா? அதே மாத்திரையைத்தான் நானும் முழுங்குறேன், எனக்கு என்ன ஆச்சு? பொண்டாட்டி சத்தியம் வாங்கிட்டாளா? எங்ககூடக் குடிக்க மாட்டே, பெரிய ஆளாயிட்டே, அதானே? கடைசியில் “எனக்காக ஒண்ணே ஒண்ணு” என்று பாசம் டம்ளரில் ஊற்றப்படும். குடிக்காமல் வந்தால் நட்பு முறியும், குடித்தால் கல்லீரல். பெரும்பாலோர் நட்பின் பக்கம் நின்றுவிடுகிறார்கள்.

கழுத்தில் மாலை இருந்துவிட்டால் இந்தக் கேள்வி ஒன்றும் கிடையாது. ஊற்றிக்கொண்டிருந்தவர் பாட்டிலைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். “சாமி, நீங்க அந்தப் பக்கம் போங்க, இது வேணாம்.” தமிழ்நாட்டில் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை ஒரு ஆண் தனியாக நின்று சொல்ல முடிவதில்லை. கூடவே ஒரு தெய்வம் சாட்சிக்கு வரவேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஆறரை மணி என்ற அந்தப் பொல்லாத நேரமும் அப்படித்தான். மற்ற மாதங்களில் கால் தானாகக் கடைப் பக்கம் இழுக்கும். கார்த்திகையில் அந்த நேரத்துக்குத் தெருவுக்கு ஒரு பஜனை. கை தட்ட வேண்டும், பேட்டைத் துள்ள வேண்டும், சுண்டலும் கேசரியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. தூக்கம் கண்ணைச் சுழற்றும். கடை மூட இன்னும் அரைமணி இருக்கிறதே என்று நினைக்கக்கூடத் தெம்பிருக்காது.

மார்கழிக்குள் முகத்து ஊதல் வடிந்துவிடும். பாயில் படுத்தும் நல்ல தூக்கம். குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே கல்லீரலில் படிந்த கொழுப்பு குறையத் தொடங்கும் என்று டாக்டர் சொன்னால் நம்பமாட்டார். துளசி மணி உடம்பில் படுவதால் என்பார். மிச்சமான பணம் எங்கே என்றால், அது இல்லை. வேன் வாடகை, அன்னதான நன்கொடை, இருமுடி கட்டும் அன்றைக்கு ஊர்ச் சாப்பாடு. “குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காது சாமி” என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒரு சிறு நிறுத்தம். காலையில் ஒரு ‘தொண்டை நனைப்பு’ போட்டால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்பவர் கதை வேறு. வருடக்கணக்காக நாள் முழுக்கக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குக் குருசாமி போதாது, ஆஸ்பத்திரி வேண்டும். சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை இதற்காகவே இருக்கிறது. நம்மவர் அந்த ரகமில்லை என்பதால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

அவருடைய ரகம் என்ன என்றால், நிறுத்த முடிகிறது என்பதையே தொடர்வதற்கு ஆதாரமாக வைத்திருப்பவர். மாசி மாதத்தில் யாராவது “கொஞ்சம் குறைச்சுக்கலாமே” என்றால் சீறுவார்: “நான் என்ன குடிகாரனா? நெனச்சா நிறுத்திருவேன். வருஷா வருஷம் நிறுத்துறேன்ல!” குறைப்பதிலும் அவருக்கென்று ஒரு கணிதம் உண்டு. கோடை வந்தால் “ஹாட்டை விட்டாச்சு, பீர் மட்டும்தான்” என்பார். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்றால் உள்ளே போகும் ஆல்கஹால் 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி. குறைவுதான். ஆனால் ஒரு பீரோடு எழுந்த மனிதர் யார்? இரண்டாவது முடியும்போது 104. பீருக்கு மாறியதில் குடும்பத்துக்கு லாபம், ஒரு குவார்ட்டருக்கு மேல் 27 மில்லி. புரட்டாசியில் கறியை விடுவார், இதை விடமாட்டார். அரிசி, கரும்பு எல்லாம் சைவம்தானே என்பார். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிட்டு ரிப்போர்ட்டை ஊரெல்லாம் காட்டுவார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அரசாங்கமே மாலை போட்டுப் போட்டுக் கழற்றியதுதான். 1937-இல் ராஜாஜி சேலத்தில் போட்டது, 1948-இல் மாகாணம் முழுக்க விழுந்தது, 1971-இல் கலைஞர் கழற்றினார், 1974-க்குள் அவரே திரும்பப் போட்டார், 1981-இல் எம்.ஜி.ஆர். கழற்றினார். 1983-இல் டாஸ்மாக் பிறந்து, 2003-இல் சில்லறைக் கடைக்கும் அரசே முதலாளியாகிவிட்டது. 2020 கொரோனாவில் மார்ச் கடைசி வாரம் மூடிய கடைகள் சென்னை நீங்கலாக மே 7-இல் திறந்தபோது, எண்ணிப் பார்த்தால் அதுவும் ஒரு மலையாள மண்டலத்துக்குச் சற்றே கூட. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அடுத்த வாரம் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நம்மவர் அன்று சொன்னார்: “பாருங்க, கவர்மென்டுக்கே நம்மள மாதிரி மனசு கெடந்து அல்லாடுது.”

ஆக, இந்த வருடமும் மனைவியின் கட்சியே ஜெயித்தது. ஜோதி பார்த்து, அரவணை டின்னோடு நம்மவர் ஊர் வந்து சேர்ந்தது தை 2 மத்தியானம். அம்மா கையால் மாலை கழற்றி, தேங்காய் உடைத்து, இரண்டு மாதம் தொடாத செருப்பில் காலை நுழைத்து, கலர் சட்டை போட்டுக்கொண்டு “சும்மா ஒரு நடை” என்று கிளம்பினார். கால் மணியில் திரும்பிவிட்டார். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. தை 2 திருவள்ளுவர் தினம். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே எழுதியவருக்கு மரியாதையாக மாநிலம் முழுக்க டாஸ்மாக் விடுமுறை. பிளாக்கில் விற்கும் பையன் வழக்கமாக நிற்கும் மூலையில் போலீஸ் ஜீப் நின்றது.

திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டவர் முன்னால் மனைவி ஒரு மடித்த பச்சை வேட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

“இது எதுக்கு?”

“பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போறாங்க. உங்க பேரும் குடுத்துட்டேன். இருபத்தாறாந்தேதி குடியரசு நாள், கடை லீவு. பூசத்தன்னைக்கு வள்ளலார் நாள், அன்னைக்கும் லீவு. நடுவுல கெடக்குற நாளுக்காக எதுக்குக் கழட்டி மாட்டிக்கிட்டு?”

“எனக்கு முட்டி வலி.”

“நடக்க முடியலன்னா பஸ்ல வாங்க சாமி. விரதத்துக்கு முட்டி வேணாம்.”

“மாலையத்தான் கழட்டியாச்சே, இன்னும் என்ன சாமி, சாமின்னு?”

“வாய் பழகிருச்சுங்க” என்றார் அந்த அம்மாள். “சாப்பிட வாங்க. உங்ககிட்ட இன்னொரு விஷயம் சொல்லணும், கோபப்படக் கூடாது.”