எல்லாம் ஆடுது மச்சான்

மெக்கானிக்கல் படிக்கிற பையன் நான்காம் செமஸ்டர் வரை நல்லபடியாகத்தான் இருப்பான். காலையில் டீ, மாலையில் டீ, நடுவே அட்டெண்டன்ஸுக்காக வகுப்பு. ஐந்தாம் செமஸ்டரில் ‘டைனமிக்ஸ் ஆஃப் மெஷின்ஸ்’ வந்து சேரும். பையன்கள் சுருக்கி ‘டாம்’ என்பார்கள். முதல் இரண்டு யூனிட்டைத் தூங்கியே கடந்துவிடலாம். மூன்றாவதில் பேராசிரியர் போர்டில் ஒரு ஸ்பிரிங் வரைந்து, அதில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, இழுத்து விடுவார். அங்கேதான் வகுப்புக்கு ஒருவன் மாட்டிக்கொள்வான்.

அன்றிலிருந்து உலகத்தில் ஆடாத பொருள் எதுவும் அவன் கண்ணில் படாது. ஹாஸ்டலில் அவனுக்கு ‘ரெசொனன்ஸ்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். சொந்தப் பெயர் ஹால் டிக்கெட்டில் மட்டும் இருக்கும்.

முதல் அறிகுறி, மல்லாந்து படுத்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பது. காதல் தோல்வியோ என்று ரூம்மேட் பயப்படுவான். நம்மாளோ எந்த இறக்கையில் எடை குறைவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு ரூபாய் நாணயத்தை இறக்கையின் முதுகில் ஒட்டுவான். ஆட்டம் உண்மையிலேயே குறையும். ஆனால் கீழே படுப்பவன் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வான். பசையின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மற்றவர்கள் பரீட்சைக்கு முதல் நாள் லோக்கல் ஆத்தர் புத்தகத்தோடு திருப்தி அடைவார்கள். இவன் மட்டும் நூலகத்தின் கடைசி அலமாரியில் டென் ஹார்ட்டாக்கின் ‘மெக்கானிக்கல் வைப்ரேஷன்ஸ்’ நூலைத் தேடி எடுப்பான். 1934-ல் முதலில் வந்த புத்தகம். உள்ளே ஒட்டிய சீட்டில் கடைசியாக எடுத்தவர் கையெழுத்து இருக்கும். அவர் இப்போது துறைத் தலைவர்.

பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் சிலருக்கே வாய்க்கும். பழைய டவுன் பஸ் சிக்னலில் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி, சீட்டுக் கம்பி, கண்டக்டர் பையில் சில்லறை எல்லாம் கடகடவென்று ஆடுகின்றன. நமக்கு அது ஓட்டை பஸ். அவனுக்கு அது நான்காம் யூனிட். “ஆறு சிலிண்டர் சார். ஐடிலிங்ல நிமிஷத்துக்கு 600 சுத்துன்னு வைங்க, வினாடிக்குப் பத்து. ஒரு சுத்துக்கு மூணு வெடிப்பு. ஆக முப்பது. இந்தக் கண்ணாடி தானா ஆடுற வேகம், அதான் நேச்சுரல் ஃப்ரீக்வென்சி, அதுவும் அதையொட்டி இருக்கு. இந்த ஆட்டத்துக்குப் பேர்தான் ரெசொனன்ஸ். டிரைவர் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிக்கட்டும், பாருங்க.” டிரைவர் மிதிப்பார். கண்ணாடி சட்டென்று அடங்கும். இந்த இடத்தில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பக்கத்து சீட்டுப் பெரியவர் அவனை ஒருமுறை, கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் நாலு ஸ்டாப் இருக்கும்போதே இறங்கிவிடுவார்.

வீட்டில் கதை வேறு. மிக்சிக்கு அடியில் அம்மா பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டிருப்பார். விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு அது பொறுக்காது. “அம்மா, ஓடுற வேகம் நேச்சுரல் ஃப்ரீக்வென்சியைவிட ரூட் ரெண்டு மடங்கைத் தாண்டிட்டா, டாம்பிங்கை, அதான் ஆட்டத்தை அடக்குற சமாச்சாரத்தை, ஏத்த ஏத்த மேடைக்குப் போற அதிர்வு கூடத்தான் செய்யும், குறையாது.” புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. எல்லா வளைகோடுகளும் 1.414-ல் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, அதன் பிறகு தலைகீழாகிவிடும். துண்டை உருவுவான். தேங்காய்ச் சட்னியோடு மிக்சி மேடை ஓரம் வரை நடந்துபோய்க் கீழே குதிக்கும். “ரூட்டு கீட்டு எல்லாம் இருக்கட்டும். தரையைத் துடைடா மொதல்ல” என்பார் அம்மா. துண்டு டாம்பர் மட்டுமல்ல, ஸ்பிரிங்கும் அதுதான் என்பது துடைக்கும்போதுதான் அவனுக்கு உறைக்கும். துடைப்பதும் அதே துண்டால்தான்.

டகோமா பாலம் வராத பேச்சே அவனிடம் கிடையாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம், 1940 ஜூலையில் திறந்த தொங்குபாலம், நவம்பர் 7-ல் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. காற்று ஒன்றும் புயலில்லை, மணிக்கு 65 கிலோமீட்டர் சொச்சம்தான். மூன்றாம் ஆண்டில் இதை ரெசொனன்ஸ் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவரைக்கூட விடமாட்டான். இறுதியாண்டில் யாரோ சொல்லி 1991-ல் பில்லாவும் ஸ்கான்லனும் எழுதிய கட்டுரை கையில் கிடைக்கும். அது வெறும் ரெசொனன்ஸ் இல்லை, பாலத்தின் ஆட்டமே காற்றிடமிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டு பெருகிய ‘ஃப்ளட்டர்’ என்று தெரிந்த நாளிலிருந்து வேறு அவதாரம். “எவன்டா ரெசொனன்ஸ்னு சொன்னது?” என்று ஜூனியர்களைப் பிடித்து உலுக்குவான். சொன்னது அவன்தான் என்று எடுத்துச் சொல்ல ஜூனியருக்கு ஏது தைரியம்!

இவ்வளவு தெரிந்தவன் முதல் மதிப்பெண் வாங்குவான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவனுக்கு எதுவும் ஆடுவது தெரியாது. அதனால்தான் கை ஆடாமல் எழுதுகிறான். நம்மாள் நேச்சுரல் ஃப்ரீக்வென்சிக்காக 0.4985-ஐ டெல்டாவின், அதாவது எடையால் ஸ்பிரிங் அமுங்கும் அளவின், வர்க்கமூலத்தால் வகுக்கும்போது, டெல்டாவை மீட்டரில் போட மறந்து மில்லிமீட்டரிலேயே போட்டுவிடுவான். விடை 31 மடங்குக்கு மேல் குறைந்து வரும். விடைத்தாளில் ஒரு கம்ப்ரசர் இரண்டு வினாடிக்கு ஒருமுறை சாவகாசமாக ஆடிக்கொண்டிருக்கும். அவனுக்கு அது வித்தியாசமாகவே தோன்றாது. கீழே இரண்டு கோடு போட்டு, கட்டமும் கட்டிவிடுவான்.

பரீட்சை ஹாலில் இன்னொரு சங்கடம் உண்டு. யோசிக்கும்போது கால் ஆட்டுகிற பழக்கம் அவனுக்கு. வீட்டில் பாட்டி, “காலை ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆகாது” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். ஹாலில் ஒரு பெஞ்சுக்கு இரண்டு டிபார்ட்மெண்ட், பக்கத்தில் ஈசிஇ பையன். ‘அதிர்வுத் தடுப்பை விளக்குக’ என்ற 13 மார்க் கேள்வியில் நம்மாள் ஆழ்ந்திருக்க, ஈசிஇ பையன் வரைகிற சர்க்யூட்டில் நேர்கோடெல்லாம் ரெசிஸ்டராகிக்கொண்டிருக்கும்.

“மச்சான், காலை நிறுத்துடா. பெஞ்சே ஆடுது.”

நம்மாள் பேனாவை வைத்துவிட்டு, குனிந்து பெஞ்சின் காலைப் பார்ப்பான். ஒரு கணம் மனக்கணக்கு.

“நிறுத்தவே வேணாம்டா. இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டினா சரியாயிடும்.”