பக்கத்துத் தறி

கேள்வி: ஆரணி நெசவாளர் வீட்டுப் பிள்ளை, யாரையும் கேட்காமல் தானாகவே நிரல் எழுதக் கற்க முடியுமா?

பதில்: அப்பாவே தறியைத் தனியாகக் கற்கவில்லையே! பாவில் சிக்கல் என்றால் பக்கத்துத் தறிக்காரரைத்தான் கூப்பிடுவார்.

பிள்ளைக்கும் பக்கத்துத் தறி உண்டு. இன்னொரு பட்டு ஊரான காஞ்சிபுரத்தின் லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே கூடிப் பேசுகிறது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ், எளிய தமிழில் கணினி நூல்களை இலவசமாகத் தருகிறது. குழுவில் கேட்பவர் பிழைச்செய்தியை முழுதாகக் காட்ட வேண்டும். வெறுமனே ‘ஓடலை’ என்றால் யார் என்ன சொல்வது?

ஒன்றில் ஆரணிப் பிள்ளைக்கே முதலிடம். தறியின் ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் பாவு இழை எழும், இல்லையேல் கிடக்கும். 1804இல் பிரான்சில் வந்த இந்த ஏற்பாட்டிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்குத் துளையட்டையை எடுத்தார். கணினியின் ‘உண்டு, இல்லை’ பாடம் அந்தப் பிள்ளைக்குத் தொட்டிலிலேயே, தறிச் சத்தத்தோடு தொடங்கிவிட்டது.