அரண்மனை வாங்கினோம், ராஜாக்களும் வந்தார்கள்

இந்திய விளையாட்டு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சாப்பாடு போதவில்லை. உடம்பு வாகில்லை. கிரிக்கெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. என்னைக் கேட்டால் ஒரு வீட்டுக் கிரயத்தைச் சொல்வேன்.

1958இல் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். ஆட்டத்தின் தரம் ஏன் இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். தலைவர் பாட்டியாலா மகாராஜா யாதவிந்திர சிங். தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 1934இல் நம்ம சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடியவர். பயிற்சியாளர்களை உருவாக்க ஒரு மத்திய நிறுவனம் வேண்டும் என்றது குழு. நல்ல யோசனை. இடம் எங்கே? பாட்டியாலா ராஜ குடும்பத்தின் மோதிபாக் அரண்மனை. 268 ஏக்கர். மத்திய அரசு வாங்கியது. 1961 மே 7 அன்று தேசிய விளையாட்டு நிறுவனம் அங்கே பிறந்தது.

கட்டடம் அருமை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அரண்மனையைக் கிரயம் பண்ணினால் அரண்மனைப் பழக்கமும் பத்திரத்திலேயே சேர்ந்து வந்துவிடுகிறது. யார் நாற்காலியில் உட்காருவது, யார் கைகட்டி நிற்பது, யாருக்காகக் கேட்டைத் திறப்பது. ராஜாக்கள் போனார்கள். இயக்குநர்கள் வந்தார்கள், செயலாளர்கள் வந்தார்கள், சாகும்வரை பதவி விடாத சம்மேளனத் தலைவர்கள் வந்தார்கள். ஆட்டக்காரன் மட்டும் அறுபது வருஷமாக வாசலிலேயே நிற்கிறான்.

பாட்டியாலா நிறுவனம் பிறந்ததற்கு முந்தின வருஷம்தான் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1. ம.பொ.சி. போராடி மீட்ட மலை. அதுவரை சித்தூருக்குப் போய்க்கொண்டிருந்த மனுக்கள் செங்கல்பட்டுக்குப் போகத் தொடங்கின. மலை வந்தது, மாவட்டம் மாறியது, மனு மட்டும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் பாட்டியாலாவில் ‘தேசிய’ நிறுவனம் திறந்தபோது, அந்த தேசத்துக்குள் திருத்தணிப் பக்கத்துத் தறிக்கார ஊரான அம்மையார்குப்பமும் உண்டு என்று யாராவது வரைபடத்தில் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பார்த்திருந்தாலும் தறிச் சத்தத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குக் கேட்டிருக்காது. அங்கிருந்து பாட்டியாலா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

அந்த நிறுவனத்தில் ஹாக்கிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் தியான் சந்த். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். வேறு நாட்டில் பிறந்திருந்தால் அவருக்கே ஒரு அரண்மனை கொடுத்திருப்பார்கள். இங்கே 1979 டிசம்பரில் டெல்லி எய்ம்ஸின் பொது வார்டில் செத்துப்போனார். அப்புறம் மரியாதை செய்ய ஆரம்பித்தோம். பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாயிற்று. டெல்லியில் ஸ்டேடியத்துக்குப் பெயர் வைத்தோம். 2021 ஆகஸ்டில் கேல் ரத்னா விருதிலிருந்து ராஜீவ் காந்தியை எடுத்துவிட்டு தியான் சந்த் பெயரைப் போட்டோம். விளையாட்டில் அரசியல்வாதி பெயர் எதற்கு என்று நியாயம் பேசினார்கள். உண்மைதான். அதே வருஷம் பிப்ரவரியில்தான் அகமதாபாத் மொட்டேரா ஸ்டேடியம் நரேந்திர மோடி ஸ்டேடியம் ஆனது. நியாயத்துக்கும் ஆஃப்சைடு விதி உண்டு போலிருக்கிறது.

1976இல் மான்ட்ரியால் ஒலிம்பிக் ஹாக்கிக்குச் செயற்கைப் புல் வந்தது. நாம் ஏழாமிடத்துக்கு வந்தோம். உடனே என்ன செய்வோம்? இன்னொரு அலுவலகம். 1982 ஆசியப் போட்டிக்காக டெல்லியில் ஸ்டேடியங்கள் கட்டினோம். கட்டின பிறகுதான் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. 1984 ஜனவரி 25 அன்று இந்திய விளையாட்டு ஆணையம் பிறந்தது. 1987இல் பாட்டியாலாவும் அதற்குள் போனது. கவனியுங்கள், ஆட்டக்காரனைப் பார்த்துக்கொள்ள வந்ததல்ல முதலில். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வந்தது. அந்தக் கட்டடத்தையாவது பார்த்துக்கொண்டதா?

பார்ப்போம். 2010 காமன்வெல்த் போட்டி. தணிக்கை அறிக்கை சொன்ன கணக்கு 18,532 கோடி ரூபாய். டெல்லி நேரு ஸ்டேடியத்தை மட்டும் 961 கோடியில் புதுப்பித்தார்கள். போட்டி தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அதன் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து இருபத்தேழு தொழிலாளிகளுக்குக் காயம். டாய்லெட் பேப்பர் சுருள் ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய் என்று நாடே சிரித்தது. போட்டி அமைப்புக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி கைதானார். அப்புறம்? 2025 ஏப்ரலில் பணமோசடி வழக்கை முடித்துக்கொள்வதாக அமலாக்கத்துறை கொடுத்த அறிக்கையை டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பதினைந்து வருஷம் தேடினார்கள். சட்டப்படி சரி, ஆதாரமில்லை. பேப்பர் சுருள் தானாகவே விலை ஏறிக்கொண்டது என்று நாம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் போட்டிக்காகக் கட்டிய இன்னொன்று தியாகராஜ் ஸ்டேடியம். 2022 மே மாதம் அங்கே பயிற்சி எடுக்கும் பிள்ளைகளைச் சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் விசிலடித்து வெளியே அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. முன்பெல்லாம் எட்டு, எட்டரை வரை விளக்கொளியில் ஓடினவர்கள். காரணம்? ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு நடை பழக வந்தார். பிள்ளைகளை விரட்டச் சொல்லவே இல்லை என்றார் அவர். இருக்கலாம். நம் ஊரில் அதிகாரி வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா என்ன? கார் வந்து நின்றால் போதும், கேட்டுக்குப் புரிந்துவிடும். படம் பேப்பரில் வந்த அன்றே அவரை லடாக்குக்கு மாற்றினார்கள், மனைவியை அருணாச்சலத்துக்கு. லடாக்கும் அருணாச்சலமும் தண்டனைக் கூடங்கள் என்று அரசே தன் கையால் எழுதிக்கொடுத்தது. அங்கேயும் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா.

நாய்க்கதை அதோடு முடியவில்லை. 2025 அக்டோபரில் உலக பாரா தடகளப் போட்டி நேரு ஸ்டேடியத்தில் நடந்துகொண்டிருந்தது. கென்யப் பயிற்சியாளர் ஒருவரையும் ஜப்பான் பயிற்சியாளர் ஒருவரையும் தெருநாய்கள் கடித்தன. ஸ்டேடிய வளாகத்துக்குள்ளேயே. அதிகாரி வீட்டு நாய்க்கு ஸ்டேடியத்தைத் திறந்துவிட்ட தேசம் தெருநாய்க்கும் அதே உரிமையைக் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் சமத்துவம் இல்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாத ஒரே பிராணி ஆட்டக்காரன்தான்.

அதே ஸ்டேடியம் 2024 அக்டோபரில் பாட்டுக் கச்சேரிக்கு விடப்பட்டது. மறுநாள் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டான். ஓடுபாதையில் மதுப்புட்டி, அழுகின சோறு, உடைந்து கிடந்த ஹர்டில்ஸ். தாண்டப் பழகுகிறவனுக்குத் தாண்டுவதற்கா பஞ்சம்?

சோறு என்றதும் சஹாரன்பூர் ஞாபகம் வருகிறது. 2022 செப்டம்பர், உத்தரப் பிரதேசம், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கபடிப் போட்டி. பிள்ளைகளுக்கான சோற்றுத் தட்டைக் கழிப்பறைத் தரையில் வைத்திருந்தார்கள். படம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மழை, இடமில்லை என்று விளக்கம் சொன்னார்கள். ஒரு அதிகாரி சஸ்பெண்டு. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை, மன்னிக்க வேண்டும். மேலே போகலாம்.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்துப் பரிசோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆண்கள் நூறு மீட்டர் இறுதிப் போட்டிக்கு வந்து நின்றது ஒரே ஒருவர். மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று தசைப்பிடிப்பு. ஜூனியர் ஸ்டீபிள்சேஸில் ஓடிய ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள். பின்னால் அதிகாரி ஓடினார். அன்றைக்கு அந்த மைதானத்தில் மனப்பூர்வமாக நடந்த ஓட்டம் அது ஒன்றுதான். குளியலறையில் ஊசிகள் கிடந்தன. பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். ஒரு சான்றிதழ் கிடைத்தால் ரயில்வேயில் வேலை, போலீசில் வேலை என்று பிழைப்பை அந்தப் பத்து விநாடிக்குள் அடைத்து வைத்தவர்கள் யார்? ஊசியை அவனே கண்டுபிடித்தானா? அந்தக் கேள்வியோடு பரிசோதனைக்கு வருகிற அதிகாரி எவரும் கிடையாது.

பாட்டியாலா அருங்காட்சியகத்தில் மல்லர் காமா பயன்படுத்திய 95 கிலோ வளையம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மல்யுத்தத்துக்கு இவ்வளவு மரியாதை தரும் நாட்டில், 2023 மே 28 அன்று மல்யுத்த வீராங்கனைகளை டெல்லித் தெருவில் தூக்கிக்கொண்டு போய் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். அதே நேரத்தில் சற்றுத் தள்ளிப் புது நாடாளுமன்றத்தின் திறப்பு விழா. சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் சொன்னதுதான் அவர்கள் செய்த காரியம். ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா, ஒரு காலத்தில் நம் எல்லாருக்காகவும் ஓடியவர், தெருவில் இறங்குவது ஒழுங்கீனம் என்றார். வளையத்துக்குக் கண்ணாடிப் பெட்டி, வீராங்கனைக்கு வேன். இரும்பு புகார் கொடுக்காது பாருங்கள்.

நம்ம பக்கம் வருவோம். புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பிடுங்கினார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் தண்டோரா போட்டார்கள். செங்கல் சூளையில் கூலிக்குப் போனார். பிறகு இதே தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்தைப் பெங்களூரில் படித்து வாங்கிக்கொண்டு வந்து நம் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார். இந்த நிறுவனத்தை நான் முழுசாகத் திட்ட முடியாமல் தடுப்பவர் அவர்தான். பட்டயத்தில் குற்றமில்லை. பட்டயம் வாங்கினவரை அதற்கு முன்னால் சூளைக்கு அனுப்பிய கைகளில்தான் குற்றம். அந்தக் கைகள் எதுவும் எந்த வேலையும் இழக்கவில்லை.

பணமில்லை என்பார்கள். பொய். பாரிஸ் ஒலிம்பிக் தயாரிப்புக்கு மட்டும் 470 கோடி. கிடைத்தது ஆறு பதக்கம், தங்கம் சைபர், பட்டியலில் 71ஆம் இடம். கேலோ இந்தியா திட்டத்தில் கட்டமைப்புக்கு ஒதுக்கியதை 2024இல் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள்: உத்தரப் பிரதேசத்துக்கு 438 கோடி, குஜராத்துக்கு 426 கோடி, அரியானாவுக்கு 66 கோடி, தமிழ்நாட்டுக்கு 20 கோடி. பாரிஸுக்கு அரியானாவிலிருந்து 24 பேர் போனார்கள், தமிழ்நாட்டிலிருந்து 13 பேர். குஜராத்திலிருந்து போனவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம், மீட்டருக்கு மேல் கேட்காமல். வீரர்கள் இருக்கும் இடத்துக்குப் பணம் போகவில்லை, பணம் போகும் இடத்தில் வீரர்கள் முளைக்கவில்லை. இதற்கு நிபுணர் குழு வேறு.

சென்னை மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். அ.தி.மு.க. ஆண்டபோது அம்மா பெயரில் இளைஞர் விளையாட்டுத் திட்டம். தி.மு.க. வந்து கலைஞர் பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 33 வகை விளையாட்டு உபகரணம். பை நல்ல பைதான். பந்து வந்தது, மட்டை வந்தது, படம் வந்தது. ஆட ஒரு களம்? மைதானத்தைப் பையில் போட்டுக் கொடுக்க முடியாதல்லவா. 2024இல் சென்னைத் தெருவில் ராத்திரி விளக்குப் போட்டு ஃபார்முலா 4 கார் ஓட்டினார்கள். சாலை வழவழவென்று இருந்தது. பையன் ஓடக் கேட்டால் கிடைக்காத சாலை, கார் ஓடக் கேட்டால் கிடைக்கிறது.

திருத்தணிப் பக்கத்துப் பையன்களுக்கும் ஓட்டம் உண்டு. அரசாங்கம் அவர்கள் ஓட்டத்தைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது ஒரே ஒரு இடத்தில்: காவலர் தேர்வு. 1500 மீட்டர், 7 நிமிடம். அதற்குப் பழகுவது ஆர்.கே.பேட்டை சாலையோரத்தில். மைல்கல்தான் ஓடுபாதையின் அளவு. ஒருவன் செல்போனில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான், மற்றவன் செருப்பைப் புளியமரத்தடியில் கழற்றிவிட்டு ஓடுவான். லாரி வந்தால் ஒதுங்கி நின்று, அந்த விநாடிகளைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ராத்திரி தறிக்குப் போகிறவன் விடிகாலையில் ஓடுகிறான், பகல் தறிக்காரன் சாயங்காலம். திருத்தணி மலைக்கு 365 படி. கால் பலத்துக்கு அதில் ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. முருகன் அதிகாரி இல்லை. ஏழு மணிக்கு விசிலடித்து அனுப்பமாட்டார்.

இவர்களில் ஒருவன் 1500 மீட்டரை நாலு நிமிடத்தில் ஓடினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு மைதானத்தில் நிற்கும் போலீஸ்காரர் என்ன எழுதுவார்? ‘தேர்ச்சி.’ அவ்வளவுதான். பாட்டியாலாவுக்குச் சொல்லி அனுப்ப அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அவனுக்கு லத்தி கிடைக்கும். அதிர்ஷ்டமிருந்தால் ஏதாவது ஸ்டேடியத்தில் பந்தோபஸ்துக்குப் போடுவார்கள். வி.ஐ.பி. வாசலில்.

இப்போது புதுச் சேதி. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் கடிதம் போட்டாகிவிட்டது. டெல்லி நேரு ஸ்டேடியத்தை, ஆமாம், 961 கோடி போட்டோமே, அதைத்தான், இடித்துவிட்டு 102 ஏக்கரில் விளையாட்டு நகரம் கட்டப்போவதாகச் செய்தி. இடிப்பதற்கு ஒரு டெண்டர், கட்டுவதற்கு ஒரு டெண்டர். நடுவில் யாராவது தப்பித்தவறி ஓடி ஒரு பதக்கம் வாங்கிவிட்டால், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க ஆள் தயாராக இருக்கிறது.